எண்பத்து நாலு என்று எழுதாதவள்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரும்படி என்னைக் கேட்டார்கள். சேவை, பொறுமை, புன்னகை என்று எழுதுவேன் என்று எதிர்பார்த்துத்தான் கேட்டிருப்பார்கள். அதற்கு நான் ஆள் இல்லை. நர்ஸாக முப்பது வருஷத்துக்கு மேல் வெள்ளைச் சேலை கட்டியவள் நான். ஓய்வு பெறும்போது என் பணிப் பதிவேட்டில் இரண்டு மெமோ இருந்தன. இரண்டாவது சில்லறை விஷயம், விட்டுவிடலாம். முதலாவது மெமோவுக்காக இன்றுவரை நான் ஒரு நிமிஷம்கூட வருத்தப்பட்டதில்லை. அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

போன மாதம் உங்களில் ஒருத்தி என் வீட்டுக்கு வந்திருந்தாள். பரீட்சை அன்று கரண்ட் போய்விட்டது, ஃபேன் நின்றுவிட்டது, அதனால்தான் மார்க் குறைந்தது என்றாள். கூட வந்தவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. வெக்கை, பசி, உட்கார வைத்த இடம், எதிரில் இருக்கும் அதிகாரியின் முகம் எல்லாமே மார்க்கில் சேர்ந்துதான் வரும். ஒழுங்காகப் படித்தவள் எங்கே உட்கார வைத்தாலும் எழுதுவாள் என்று சொல்கிறவர்களை ஒரு நாள் அந்த இடத்தில் உட்கார வைத்துப் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

சமஸ்தானம் போய், நாங்கள் திருச்சி ஜில்லாவின் ஓர் ஓரமாக ஆகிவிட்டிருந்த காலம் அது. புதுக்கோட்டைச் சீமையில் ஓர் ஆஸ்பத்திரி. எது என்று கேட்காதீர்கள். அங்கேயே படித்து, அங்கேயே வேலைக்கு வந்து, பிரசவ வார்டுக்கு சிஸ்டராக இருந்தேன். ஆஸ்பத்திரியோடு சேர்ந்தாற்போல் ஒரு பயிற்சிப் பள்ளி. பிரசவம் பார்க்கவும் தாயையும் பிள்ளையையும் கவனிக்கவும் கற்றுக்கொடுத்துக் கிராமத்து மையங்களுக்கு அனுப்புவார்கள். வருஷத்துக்கு ஒரு தடவை மெட்ராஸிலிருந்து அதிகாரி வந்து பரீட்சை வைப்பார். அந்த வருஷம் பதினோரு பெண்கள்.

அதில் ஒருத்தி பாக்கியம். குன்றாண்டார்கோவிலுக்குப் பக்கத்துக் கிராமம். வார்டில் அவளுக்கு இருந்த கைப்பக்குவம் எனக்கே கிடையாது. ஆனாலும் இரண்டு முறை பெயிலானவள். முதல் முறை, சித்திரை வெயிலில் தகரக் கொட்டகைக்குள் எழுத்துப் பரீட்சை வைத்தார்கள். பாதியில் மயங்கி விழுந்தாள். முகத்தில் தண்ணீர் அடித்து எழுப்பி, போன நேரம் போனதுதான் என்று சொல்லிவிட்டார்கள். அடுத்த முறை, இங்கிலீஷ் கேள்வித்தாளை யாரோ ஒரு பண்டிதரிடம் கொடுத்துத் தமிழாக்கியிருந்தார்கள். நாங்கள் வார்டில் புழங்கும் ஒரு சொல்கூட அதில் இல்லை. தெரிந்த கேள்விக்கே தெரியாதவள்போல் முழித்துவிட்டு வந்தாள்.

மூன்றாவது முறையும் போனால் பள்ளியிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள். வீட்டில் வேறு ஒரு கெடு. அவள் அக்கா பிரசவத்தில் போய்ச் சேர்ந்துவிட்டாள். அந்த அக்கா புருஷனுக்கே இவளையும் கட்டிக்கொடுப்பது என்று பேசி வைத்திருந்தார்கள். பாஸானால் வேலைக்குப் போகலாம், இல்லாவிட்டால் தை மாதம் கல்யாணம் என்று அப்பா சொல்லியிருந்தார்.

"அக்கா செத்த வீட்டுல அக்கா சேலையக் கட்டிக்கிட்டு என்னால இருக்க முடியாது சிஸ்டர்" என்று ஒரு நாள் துணி மடித்துக்கொண்டே என்னிடம் சொன்னாள்.

செய்முறைப் பரீட்சை அன்று பிரசவ வார்டில் ஒரு கட்டில் ஒதுக்கினோம். அதில் உண்மையான ஒரு தாயைப் படுக்க வைக்க வேண்டும். காலை எட்டு மணிக்கு அதிகாரி ஒரு முறை அவள் நாடியை எண்ணித் தன் தாளில் எழுதிக்கொள்வார். அதற்குப் பிறகு அவர் அந்தக் கையைத் தொடமாட்டார். கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு, கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "தொடங்கு", "நிறுத்து" என்று மட்டும் சொல்வார். மற்றச் செய்முறைகளை அடுத்த அறையில் முடித்துக்கொண்டு, இருபது நிமிஷத்துக்கு ஒருத்தியாகப் பெண்கள் வந்து எண்ணி, எண்ணைத் தாளில் எழுதி நீட்ட வேண்டும். அவருடைய எண்ணோடு ஒத்துப்போனால் மார்க். அதோடு இரண்டு கட்டளைகள். நோயாளியோடு பேசக்கூடாது. போர்வையைத் தொடக்கூடாது.

கட்டிலுக்கு ஆள் தேர்ந்தெடுத்தது நான்தான். அன்னவாசல் பக்கத்திலிருந்து வந்த சின்னப்பொண்ணு என்ற பெண்ணுக்கு அன்று விடியும்போது சுகப்பிரசவம். தலைச்சன் பிள்ளை. கூச்ச சுபாவம், வாய் திறக்காத பெண். பல்ஸ் ஒழுங்காக இருந்தது. இவள்தான் சரியான ஆள் என்று நினைத்தேன். எட்டு மணிக்கு அவளைக் கொண்டுவந்து படுக்க வைத்துவிட்டு, "பரிட்சை முடியுற வரைக்கும் அசையக்கூடாது, வாயத் தொறக்கக்கூடாது, என்ன?" என்றேன். அவள் தலையை ஆட்டினாள். வார்டு பளிச்சென்று இருந்தது. எனக்கு என் வார்டைப் பார்த்துப் பெருமையாக இருந்தது.

அதிகாரி எண்ணினார். எண்பத்து நாலு.

இங்கே எங்கள் பள்ளியின் பரம்பரைச் சொத்து ஒன்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். எண்ணி முடித்து வெளியே போகிற பெண் வராந்தாக் குழாயில் கை கழுவுவாள். மற்றவர்கள் எதிரில் பெஞ்சில் காத்திருப்பார்கள். கை கழுவியவள் விரல்களை உதறுவாள். எட்டு உதறல், ஒரு நிறுத்தம், பிறகு நாலு உதறல். பேச்சே இல்லாமல் எண்பத்து நாலு என்று பெஞ்சுக்குப் புரிந்துவிடும். மெட்ராஸ்காரர்கள் யாரும் இதைக் கண்டுபிடித்ததில்லை. எனக்கு முன்னால் படித்தவர்களும் இப்படித்தான் உதறினார்கள். ஒருவகையில் நியாயமும் இருந்தது. பதினோரு பேர் மாறி மாறிக் கையைப் பிடித்தால் எந்தத் தாயின் நாடிதான் காலையில் இருந்தபடியே இருக்கும்? கடைசியில் போகிறவள் உண்மையாக எண்ணினாலும் அதிகாரியின் தாளில் தப்பாகத்தான் இருக்கும். அதனால் பெண்கள் உதறினார்கள், நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

ஒன்பது பேர் வந்து எண்பத்து நாலு எழுதிவிட்டுப் போனார்கள். பத்தாவதாக ராஜம் வந்தாள். கெட்டிக்காரப் பெண். மணிக்கட்டைப் பிடித்தவள் புருவத்தைச் சுருக்கினாள். நான் பார்த்தேன். ஒரு நொடி என் முகத்தைப் பார்த்தாள். பிறகு குனிந்து எண்பத்து நாலு என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். அப்போதே நான் ஒரு எட்டு நகர்ந்து அந்தக் கையைப் பிடித்திருக்க வேண்டும். பரீட்சை நடக்கும்போது கட்டிலை நெருங்கக்கூடாது என்பது கட்டளை, அதனால் நின்ற இடத்திலேயே நின்றேன்.

கடைசியாகப் பாக்கியம். மணி பதினொன்றரை இருக்கும். வார்டுக்குள் வெக்கை ஏறியிருந்தது. அதிகாரி பசியில் இருந்தார். "தொடங்கு" என்றார். பாக்கியம் எண்ணினாள். "நிறுத்து" என்றார். அவள் கையை விடவில்லை.

"எழுதும்மா."

எழுதினாள். தாளை வாங்கிப் பார்த்த அதிகாரி ஒரு கணம் நிமிர்ந்தார். "நூற்று இருபத்திரண்டா? சரி, போகலாம்."

"இன்னொரு தடவை எண்ணிக்கிறேன் சார்."

"ஒரு தடவைதான். எழுதினது எழுதினதுதான். போகலாம்."

அவள் போகவில்லை. கட்டளையை மீறிச் சின்னப்பொண்ணின் முகத்துக்கு நேரே குனிந்தாள். "அக்கா, என்னைப் பாருங்க. என்ன செய்யுது ஒங்களுக்கு?"

"பேசக்கூடாது" என்றார் அதிகாரி.

"அக்கா, ஒண்ணுக்குப் போகணுமா? எப்பப் போனீங்க?"

சின்னப்பொண்ணு பதில் சொல்லாமல் கொட்டாவி விட்டாள். மேலுதட்டில் வேர்வை. உதடு வெளுத்திருந்தது. உங்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பிள்ளை பெற்று ஆறு மணி நேரத்தில் ஒருத்தி அப்படிக் கொட்டாவி விட்டால் எங்கேயோ ரத்தம் போகிறது என்று அர்த்தம், அது உங்களுக்கே தெரியும். நான் கட்டிலுக்குப் பாய்ந்தேன். பாக்கியம் அதற்குள் போர்வையை விலக்கி அடிவயிற்றில் கை வைத்திருந்தாள். மூத்திரப்பை பானை மாதிரி உப்பியிருந்தது. கர்ப்பப்பை மேலே தள்ளப்பட்டு, கையில் கெட்டியாகத் தட்டுப்படாமல் கொழகொழவென்று கிடந்தது. ரத்தம் வெளியே வராமல் உள்ளேயே தங்கிக்கொண்டிருந்தது.

"சார், நீங்க கொஞ்சம் வெளிய போங்க" என்றேன் அதிகாரியிடம்.

"சிஸ்டர், இது பரீட்சை."

"வெளிய போங்க. இவங்க ஒண்ணுக்குப் போகணும்."

அவர் எழுந்து போனார். ஸ்கிரீனை இழுத்தேன், பாக்கியம் பெட்பேனை வைத்தாள். அப்போதுதான் சின்னப்பொண்ணு வாயைத் திறந்தாள். அழுதுகொண்டே சொன்னாள்: "நீங்கதானே நர்சம்மா அசையக்கூடாதுன்னீங்க. ஆம்பளையாளு வேற பக்கத்துலயே உக்காந்திருந்தாரு. எப்பிடிக் கேப்பேன்?"

அந்தக் கேள்வி இன்னும் என் காதில் இருக்கிறது. பாக்கியம் வயிற்றைத் தேய்த்தாள், கட்டி கட்டியாக ரத்தம் வந்தது, லேடி டாக்டர் ஓடி வந்தார், ஊசி போட்டோம். அரை மணியில் கர்ப்பப்பை கல் போல இறுகியது. ஒரு மணிக்கு பல்ஸ் தொண்ணூறுக்கு வந்தது. சின்னப்பொண்ணு பிழைத்துக்கொண்டாள். இன்னும் ஒரு மணி நேரம் அவளைப் பரீட்சைக்காக அசையாமல் வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்க எனக்குத் தைரியம் இல்லை.

மத்தியானம், நர்சுகள் எல்லோருக்கும் மேலதிகாரியான மேட்ரன் அம்மாவின் அறையில் அதிகாரி தாள்களைக் கட்டிக்கொண்டிருந்தார். அவர் கெட்ட மனுஷர் இல்லை. மரியாதையாகத்தான் பேசினார். பாக்கியத்துக்கு அந்தக் கட்டிலில் மார்க் இல்லை என்றார். எண் தப்பு, பேசியது தப்பு, போர்வையைத் தொட்டது தப்பு. அந்தப் பகுதியில் மார்க் இல்லாமல் பாஸ் கிடையாது.

"பத்துப் பேரு செத்துக்கிட்டிருக்கிறவ கையப் பிடிச்சு எண்பத்தி நாலுன்னு எழுதியிருக்காங்க. அவங்களுக்கு மார்க் இருக்கா?" என்றேன்.

"என் தாள்ல எண்பத்து நாலுதானே இருக்கு? நோயாளிதான் நல்லா இருக்காங்களே சிஸ்டர், அப்புறம் என்ன?" என்று சொல்லி ஒரு படிவத்தை என் பக்கம் தள்ளினார்.

அந்தப் படிவம் எனக்குப் பழக்கமானது. தேர்வுக்கு உரிய நிலைமைகள் எல்லாம் முறையாக இருந்தன என்று வார்டு சிஸ்டர் கையெழுத்துப் போட வேண்டும். வெளிச்சம், அமைதி, கருவிகள், நோயாளி என்று வரிசையாக எழுதியிருக்கும். நாலு வருஷமாக அதைப் படிக்காமலேயே கையெழுத்துப் போட்டு வந்தவள் நான். கையெழுத்து இல்லாமல் அந்த மையத்தின் முடிவுகள் வெளிவராது.

அன்றைக்குத்தான் முதல் முறையாகப் படித்தேன். பேனாவை எடுத்து, கையெழுத்துப் போடும் இடத்துக்கு மேலே எழுதினேன். நிலைமைகள் முறையாக இல்லை. பிரசவித்த பெண் காலை எட்டு முதல் பதினொன்றரை வரை சிறுநீர் கழிக்க விடப்படவில்லை. அசையாதே, பேசாதே என்று அவளிடம் சொன்னது நான். எட்டு மணிக்கு எண்பத்து நாலு என்பது சரி. பதினொன்றரைக்கு நூற்று இருபத்திரண்டு என்பதுதான் சரி. அதை எழுதியவள் ஒருத்தி. இதற்கெல்லாம் கீழேதான் கையெழுத்துப் போட்டேன்.

மேட்ரன் அம்மா படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "ஒன் தலையில நீயே மண்ண அள்ளிப் போட்டுக்கிறியே. நீ பண்ணின தப்ப நீயே எழுதிக் கொடுத்தா ஒன்னை யாரு காப்பாத்துவா?"

"என்னைக் காப்பாத்தச் சொல்லி எழுதலைங்கம்மா."

"மத்த பத்துப் பிள்ளைங்க என்ன பாவம் பண்ணுச்சுங்க?"

அவர் கேட்டது நியாயம்தான். ஆனாலும் எழுதியதை அடிக்கவில்லை.

பதினோரு பேருடைய முடிவும் நிறுத்தி வைக்கப்பட்டது. பெண்கள் ஹாஸ்டலிலிருந்து திரண்டு வந்தார்கள். முன்னால் நின்றவள் ராஜம். என்னிடம் இப்படிப் பேச அவளுக்கு எங்கிருந்து தைரியம் வந்தது என்று அப்போது கோபப்பட்டேன். இப்போது நினைத்தால் அவள் மேல் மதிப்புதான் வருகிறது.

"பாக்கியத்துக்காக எங்க பத்துப் பேரு சோத்துல மண்ணப் போட்டுட்டீங்களே சிஸ்டர். நாங்க என்ன புதுசாவா ஒதறினோம்?"

"நீ கையப் பிடிச்சப்ப ஒனக்குத் தெரிஞ்சுச்சா இல்லையா ராஜம்?"

"தெரிஞ்சுச்சு. தெரிஞ்சு என்ன செய்ய? அவர் தாள்ல எண்பத்தி நாலுன்னு இருக்கு. நீங்க பரிட்சை எழுதினப்ப என்ன எழுதினீங்க? அதச் சொல்லுங்க மொதல்ல."

வராந்தா முழுக்கப் பெண்கள். எல்லோரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பொய் சொல்லியிருக்கலாம், யாருக்கும் தெரியாது.

"வெளிய ஒதறினதத்தான் எழுதினேன்" என்றேன். "எழுபத்தாறு. என் கைக்கு எத்தனை வந்துச்சுன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. நான் எண்ணவே இல்ல."

ராஜம் இதை எதிர்பார்க்கவில்லை. "அப்ப ஒங்க சர்ட்டிபிகேட்ட மொதல்ல திருப்பிக் குடுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். எனக்குச் சுருக்கென்றது. அவள் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை.

பத்து நாளில் மெமோ வந்தது. நோயாளியைக் கவனிக்கத் தவறியதற்கும், தேர்வு ஆவணத்தில் தேவையில்லாததை எழுதியதற்கும் விளக்கம் கேட்டிருந்தார்கள். முதல் குற்றத்தை அப்படியே ஒப்புக்கொண்டேன். இரண்டாவதற்கு நாலு பக்கம் எழுதினேன். காலையில் எண்ணிய எண்ணை வைத்து மத்தியானம் மார்க் போடாதீர்கள். பெண் ஒரு கையில் எண்ணும்போது நீங்களும் மறு கையில் எண்ணுங்கள். இரண்டு மூன்று பேருக்கு ஒரு முறை கட்டிலில் ஆளை மாற்றுங்கள். நோயாளியிடம் பேசினால் மார்க் குறைக்காதீர்கள், பேசாமல் தொடுகிறவளுக்குக் குறையுங்கள். தகரக் கொட்டகையையும் பண்டிதர் தமிழையும்கூட விடவில்லை. மேட்ரன் அம்மா, "இது விளக்கமா, சண்டையா?" என்று கேட்டார். இரண்டும்தான் என்றேன். தலையில் அடித்துக்கொண்டே மேலே அனுப்பி வைத்தார்.

புரட்டாசியில் ஒரு சேதி வந்தது, கடிதமாக அல்ல, வாய்வழியாக. நான் எழுதியதைத் திரும்பப் பெற்றுக்கொண்டால் பத்துப் பேருக்கும் சர்ட்டிபிகேட் வரும். பாக்கியத்துக்கும் கருணை அடிப்படையில் பாஸ் போடுவார்கள். என் மெமோவும் கிழியும். மேட்ரன் அம்மா முகத்தில் அன்றைக்குத்தான் சிரிப்பைப் பார்த்தேன். "எல்லாரும் நல்லா இருக்கலாம், ஒத்துக்கடி" என்றார்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. பத்துப் பெண்களின் முகம் ஒரு பக்கம். தை மாதம் ஒரு பக்கம். என் பிடிவாதத்துக்காக ஒருத்தியை அக்கா புருஷன் வீட்டுக்கு அனுப்புவதா? ஆனால் இது நான் தனியாக முடிவு செய்கிற விஷயம் இல்லை. மறுநாள் காலை பஸ்ஸில் குன்றாண்டார்கோவில் போய் இறங்கி, அங்கிருந்து வயல் வழியாக நடந்தேன்.

பாக்கியம் களத்தில் கடலைச் செடியை உதறிக்கொண்டிருந்தாள். பக்கத்திலேயே அவள் அப்பாவும் இருந்தார். சேதியைச் சொன்னேன். அப்பா கையைக் கூப்பிவிட்டார். "பெரிய மனசு பண்ணுங்கம்மா. பாசுன்னு ஒரு காயிதம் வந்துட்டா நான் ஏன் புள்ளையத் தடுக்கப் போறேன்? குடுத்த வாக்க மாத்த மாட்டேன்."

பாக்கியம் கையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டுக் கேட்டாள். "அந்தக் காயிதத்துல என்னன்னு போடுவாங்க சிஸ்டர்?"

"கருணை அடிப்படையில தேர்ச்சின்னு."

"நான் எண்ணினது சரின்னு போடமாட்டாங்களா?"

"போடமாட்டாங்க. அதப் போட்டா மத்தவங்க எழுதினது தப்புன்னு ஆயிரும்."

"அப்ப வேணாம்."

"ஏய் கூறுகெட்டவளே" என்று அப்பா எழுந்தார்.

"இருங்கப்பா. நாளைக்கு நான் தனியா ஒரு கிராமத்துல இருப்பேன். பக்கத்துல டாக்டர் இருக்கமாட்டாங்க. ஒருத்தி கையப் பிடிச்சு எண்ணி, இவங்கள ஒடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கன்னு சொல்லுவேன். கருணையில பாசானவ சொல்றதக் கேட்டு எவன் வண்டியில மாட்டப் பூட்டுவான்? அக்காவுக்குப் பாத்தவளும் ஒண்ணுமில்ல ஒண்ணுமில்லன்னுதான் சொல்லிக்கிட்டே இருந்தா. நான் எண்ணினது சரி. அத அவங்க ஒத்துக்கணும். இல்லைன்னா மறுபடி பரிட்சை வைக்கச் சொல்லுங்க, வாரேன்."

பெரிய மகளின் பேச்சு வந்ததும் அப்பா உட்கார்ந்துவிட்டார். "தைக்கு முன்னாடி வச்சாங்கன்னா அனுப்புறேன்" என்றார் தரையைப் பார்த்துக்கொண்டே. நான் அப்படியே திரும்பி வந்து, எழுதியதை வாபஸ் வாங்க முடியாது என்று மேட்ரன் அம்மாவிடம் சொன்னேன். ஒரு மாதம் அவர் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

என் நாலு பக்கத்தை மேலே யார் படித்தார்கள், என்ன நினைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. யாரும் எனக்குப் பதில் எழுதவில்லை. கார்த்திகையில் உத்தரவு மட்டும் வந்தது. செய்முறைப் பரீட்சையை எல்லோருக்கும் மறுபடி வைப்பார்கள். வந்த அதிகாரி ஒரு பெண்மணி, வயதானவர், ரொம்பக் கண்டிப்பு. நாற்காலியில் உட்காரவே இல்லை. ஒவ்வொரு பெண்ணும் ஒரு கையைப் பிடிக்கும்போது அவர் மறு கையைப் பிடித்துக்கொண்டார். மூன்று பேருக்கு ஒரு முறை ஆளை மாற்றச் சொன்னார். ஒவ்வொரு தாயையும் எழுந்து போய்விட்டு வந்து படுக்கச் சொன்னார். குழாயடியில் வழக்கம்போல் சிலர் உதறிப் பார்த்தார்கள். நாலாவது பெண்ணுக்கே அது உதவவில்லை.

பாக்கியம் போனபோது நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றேன். அவள் எழுதியது எண்பத்தெட்டு. அதிகாரியின் தாளில் எண்பத்தாறு. அந்த அதிகாரி அம்மா மறுபடி எண்ணச் சொன்னார். இரண்டாவது முறை இரண்டு பேருக்கும் எண்பத்தெட்டு வந்தது. தன் எண்ணை அவர் பேனாவால் அடித்துத் திருத்தி, பக்கத்தில் கையெழுத்து வைத்தார். ஓர் அதிகாரி தன் எண்ணைத் தானே அடித்துத் திருத்துவதை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது, வெட்கப்படாமல் சொல்கிறேன்.

மார்கழியில் முடிவு வந்தது. ஒன்பது பேர் பாஸ். பாக்கியத்தின் பெயர் முதலில். அவள் ஆவுடையார்கோவில் பக்கம் ஒரு மையத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். அக்கா புருஷனுக்கு வேறு இடத்தில் பெண் பார்த்தார்கள். இரண்டு பேர் பெயில். அதில் ஒருத்தி ராஜம்.

பலகையில் ஒட்டிய தாளின் முன்னால் அவள் நின்றிருந்தாள். மற்றவர்கள் சத்தம் போடாமல் விலகிப் போனார்கள். என்னைப் பார்த்ததும், "இப்பத் திருப்திதானே சிஸ்டர்?" என்றாள். முதல் பரீட்சையின் முடிவு வெளிவந்திருந்தால் அவள் பாஸ். அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவளைப் பெயிலாக்கியது என் கையெழுத்துதான் என்று யாராவது சொன்னால் இன்றைக்கும் நான் மறுக்கமாட்டேன். ஆனால் மறுபடி அந்தப் படிவத்தை என் முன்னால் தள்ளினாலும் அதையேதான் எழுதுவேன்.

"திருப்தி இல்ல" என்றேன். "நாளைக்கு எட்டு மணிக்கு வார்டுக்கு வா. ஒனக்கு விரல் இருக்கு, புத்தி இருக்கு. எண்ணத்தான் யாரும் கத்துக்குடுக்கலை. ஒதறத்தான் கத்துக்குடுத்தோம்."

"நீங்க எண்ணுவீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

மறுநாள் எட்டு மணிக்கு நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. ஒன்பதாவது நாள் வந்தாள். வணக்கம் சொல்லவில்லை, என் முகத்தைப் பார்க்கவில்லை. எந்தக் கட்டிலுக்கும் போகாமல் நேராக என் மேஜைக்கு வந்து, எதிரில் இருந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, என் மணிக்கட்டைப் பிடித்தாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எண்ண ஆரம்பித்தாள். நானும் மறு கையின் இரண்டு விரலை என் கழுத்தில் வைத்துக்கொண்டு கூடவே எண்ணினேன். வார்டில் பிள்ளைகள் அழுதுகொண்டிருந்தன, யாரோ தண்ணீர் கேட்டார்கள், இரண்டு பேருமே திரும்பவில்லை.

நிமிஷம் முடிந்தது. கையை விடாமல் முதல் முறையாக என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"நூத்தி நாலு" என்றாள்.

எனக்கும் நூற்று நாலுதான்.